தானே புயலும் என் முந்திரி நாடும்

நேஷன்ஸ்டேட்ஸ் விளையாடினவங்க இங்க இருந்தா உங்க அனுபவத்தையும் எழுதுங்க. என்னோடது 2012 ஜனவரியில் நடந்தது.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 2002-ல் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பேரி தொடங்கிய ஆட்டம் இது. துப்பாக்கிச் சண்டை கிடையாது, எல்லாமே எழுத்து. ஆளுக்கு ஒரு நாடு. மேசைக்குப் பிரச்சினைகள் வந்துக்கிட்டே இருக்கும். நாம எடுக்கிற முடிவைப் பொறுத்து பொருளாதாரமும் மக்கள் உரிமையும் ஏறும், இறங்கும். நாணயத்துக்கும் நாமே பேர் வைக்கலாம். அப்பாவுக்குக் காடாம்புலியூர்ல ரெண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. அதனால என் நாட்டு நாணயம் 'முந்திரி'. அதுக்கு என்ன அர்த்தம்னு போலந்துக்காரர் ஒருத்தர் டெலிகிராம் அனுப்பிக் கேட்டார். ஆட்டத்துக்குள்ளேயே ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்புற செய்திக்கு அதான் பேர். எங்க நட்பு அப்படித்தான் ஆரம்பிச்சது.

பல நாடுகள் சேர்ந்தா ஒரு ரீஜன். எங்க ரீஜனைத் தொடங்கின நண்பர் வேலைக்குப் போனதும் உள்ள வர்றதை விட்டுட்டார். 28 நாள் வரலைன்னா நாடு மறைஞ்சிடும். அப்போ இருந்த விதிப்படி, தொடங்கின ஃபவுண்டர் போயிட்டா அதிகாரம் டெலிகேட் கைக்கு வந்துடும். ஆட்டத்துல ஐ.நா. மாதிரி இருக்கிற வேர்ல்ட் அசெம்பிளில சேர்ந்த நாடுகளோட எண்டார்ஸ்மென்ட், அதாவது ஆதரவு, யாருக்கு அதிகமோ அவர்தான் டெலிகேட். எனக்கு ஒன்பது இருந்துச்சு. இந்த மாதிரி ஃபவுண்டர் இல்லாத ரீஜன்களைத்தான், அடுத்தவங்க ரீஜனைப் பிடிக்கிற ரெய்டர்கள் தேடிக்கிட்டே இருப்பாங்க.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. திருப்பாதிரிப்புலியூர்ல எங்க தெருவுல ஒரு கரண்ட் கம்பம்கூட நிமிர்ந்து நிக்கலை. தோப்பு மொத்தமும் சாய்ஞ்சிடுச்சு. அப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. நாடும் ரீஜனும் எனக்கு ஞாபகமே இல்லை.

எட்டாம் நாள் தார்ப்பாய் வாங்கிட்டு வரச் சொல்லி அப்பா என்னைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில இருக்கிற மாமா வீட்டுக்கு அனுப்பினார். டவுனுக்குள்ள நுழைஞ்சதும் கடைகள்ல லைட் எரியுது. பஸ்லயே கண் கலங்கிடுச்சு.

மாமா வீட்டுக் கம்ப்யூட்டர்ல திறந்தா 23 டெலிகிராம். புதுசு மேலே, பழசு கீழே. மேலேர்ந்து படிச்சேன். ரீஜன் போயிடுச்சு. எண்டார்ஸ்மென்டை எண்ணி டெலிகேட் யாருன்னு ஆட்டம் முடிவு பண்ற நேரம்தான் அப்டேட். அதுக்குச் சில நொடி முன்னாடி 13 பேர் உள்ள குதிச்சு, தங்கள்ல ஒருத்தனை டெலிகேட் ஆக்கியிருக்காங்க. எங்க ஆட்கள் நாலு பேரை வெளியே தள்ளிட்டாங்க. நான் ரொம்ப நாளா அங்கேயே இருந்ததால இன்ஃப்ளுயன்ஸ் அதிகம், என்னைத் தள்ள முடியலை. இன்னும் கீழே போனேன். டிசம்பர் 31, போலந்துக்காரர்: "புயல்னு செய்தியில பார்த்தேன். உன் ஊர்தானே? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" மறுநாளும் அதே கேள்வி. அதுக்கு மறுநாளும். சொந்தக்காரங்க சிலரே அதுவரைக்கும் கேட்கலை.

ரெய்டு பண்றது விதிப்படி சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஆள் இல்லாத வீட்டுப் பூட்டை உடைக்கிறதைத் திறமைன்னு சொல்ல எனக்கு இன்னைக்கும் மனசு வரலை.

ரெய்டர்கள்கிட்டேர்ந்து ரீஜன்களை மீட்கிற ஒரு டிஃபெண்டர் குழுகிட்ட போலந்துக்காரர் முன்னாடியே பேசி வெச்சிருந்தார். நம்ம நேரப்படி ராத்திரி 10:30-க்கு மைனர் அப்டேட் தொடங்கும். பதினொரு பேர் வந்து எனக்கு எண்டார்ஸ் பண்ணுவாங்க, டெலிகேட் ஆன உடனே நான் ரெய்டர்களை வெளியே தள்ளணும். மாமா திட்டுவார்னு பயந்துக்கிட்டேதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

"எத்தனை ஓட்டுடா?"

"எனக்கு அஞ்சு மிச்சம் மாமா. பதினொண்ணு வருது. அவங்களுக்குப் பன்னெண்டு."

"கீழூர்ல மட்டும் என்ன, ஓட்டுப் போட்டது 178 பேருதான். 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. 1954-ல பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்த இந்த ஊரே அதுல மாறிடுச்சு. பதினாறு பத்தாதா உனக்கு?"

பதினொரு மணியை ஒட்டி ரெஃப்ரெஷ் பண்ணினேன். டெலிகேட் இடத்துல என் நாட்டுப் பேர். ஒவ்வொருத்தரா வெளியே தள்ளத் தள்ள, மாமா விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தார்.

*

புதுச்சேரியிலிருந்து எழுதுறேன். நானும் கொஞ்ச காலம் விளையாடியிருக்கேன். எங்க ரீஜன்ல ஒரு பொண்ணு தன் நாட்டை நாலு துண்டா மேப்ல வரைஞ்சிருந்தா. இப்படி ஒரு நாடு நடக்கவே நடக்காதுன்னு எல்லாரும் அவகிட்ட சண்டை. நான் எங்க ஊரை எடுத்துச் சொன்னேன். காரைக்கால் போகத் தமிழ்நாட்டைத் தாண்டணும், மாஹே கேரளத்துக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள, நாலுக்கும் ஒரே சட்டசபை. மேப்பைப் பார்த்த பிறகுதான் நம்பினாங்க. அது இருக்கட்டும், உங்க தோப்பு என்ன ஆச்சு? சொல்லாமலே விட்டுட்டீங்களே.

*

கேட்டதுக்கு நன்றிங்க. அந்த வருஷமே ஒட்டுக்கன்னு வெச்சோம். எப்போ காய்க்கும்னு போலந்துக்காரரும் கேட்டார். மூணு வருஷம் ஆகும்னு எழுதினேன். 2015 பங்குனியில முதல் கொட்டை எடுத்த அன்னைக்கு அவருக்கு டெலிகிராம் போட்டேன். மறுநாள் காலையில பார்த்தா, ரீஜன்ல அத்தனை நாடும் தன் நாணயத்துக்கு 'முந்திரி'ன்னு பேர் மாத்தி வெச்சிருந்துச்சு.