இந்த மார்கழிக்கு எதை எதிர்பார்க்கிறீர்கள்: கச்சேரிப் பதிவா, பதிகப் பதிவா?

டோங்காட் தேவாரம்:
மார்கழி சீசன் நெருங்குகிறது, சென்னையில் யார் யார் கச்சேரி பதிவாகும், எது முதலில் வெளிவரும் என்று எல்லோரும் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு அந்தப் பட்டியலில் பெரிய ஆவல் இல்லை. கோயிலில் தேவாரம் பாடும் ஒரு நல்ல ஓதுவார் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, பத்துப் பதினொரு பாட்டு கொண்ட ஒரு பதிகத்தில் ஒன்றைக்கூட விடாமல், நிதானமாக, அதற்குரிய பழைய தமிழ் ராகமான பண்ணோடு பாடிய பதிவு வராதா என்றுதான் வருடா வருடம் பார்க்கிறேன். காரணம் நம் தென்னாப்பிரிக்க நிலைமை. 1860-இல் இந்தியத் தொழிலாளர்களை முதலில் டர்பனுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர்களிடமும் பின்னால் வந்தவர்களிடமும் பாட்டு காதில் இருந்தது. இன்றைக்கு டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலும் வெருலத்திலும் கோயிலில் பாடும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆங்கில எழுத்தில் அச்சடித்த தேவாரப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள், அதில் ல, ள, ழ பல நேரம் ஒரே எழுத்தாகிவிடும். அவர்களுக்கு ஒலிப்பதிவுதான் வாத்தியார். மூன்று மணி நேரக் கச்சேரி இன்னும் எத்தனை வந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

ஜோபர்க் ரசிகன்:
அக்கா, நீங்கள் எடுக்கும் தேவார வகுப்பின் கஷ்டம் புரிகிறது. ஆனால் நம் சங்கீதத்தைப் பாடப்புத்தகம் ஆக்கிவிடாதீர்கள். அந்த நேரத்துக் கற்பனையில் விரிக்கும் மனோதர்மம் இல்லாமல் கர்நாடக இசையில் என்ன மிச்சம்? ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம், அதற்குள் அடக்கி வாசித்ததுதான் நமக்குப் பெரும்பாலும் மிஞ்சியது, சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக அதே ராகத்தை வாசித்தவர் அவர். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் 1966 ஐ.நா. சபைக் கச்சேரியும் 1977 கார்னகி ஹால் கச்சேரியும் பதிவாகி இருப்பதால்தான் சபை முன்னால் அவர் குரல் எப்படி விரிந்தது என்று இப்போது கேட்க முடிகிறது. மேடையில் நடப்பது ஒரு தடவைதான், பிடிக்காவிட்டால் போயிற்று. ஸ்டூடியோவுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதனால்தான் சீசன் பதிவுகளுக்கு இவ்வளவு ஆசையாக இருக்கிறேன்.

டோங்காட் தேவாரம்:
எம்.எஸ். அம்மாவைச் சொன்னீர்கள், சரி. டர்பன் பக்கம் தமிழ் வீடுகளில் விடியற்காலையில் ஒலிப்பது கார்னகி ஹால் இல்லையே தம்பி, சுப்ரபாதமும் 1970-இல் வந்த விஷ்ணு சஹஸ்ரநாமமும்தான். இரண்டும் ஸ்டூடியோவில் அப்படியொரு சுத்தமாகப் பாடியவை. சம்ஸ்கிருதம் ஒரு எழுத்து தெரியாத பாட்டிமார் இங்கே புரட்டாசி விரதத்தில் அதை முழுக்க மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பதிவின் தெளிவுதான் காரணம். தேவாரத்துக்கு அப்படி ஒன்று கேட்பது தப்பா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு நெஞ்சில் தைக்கிற விஷயம். கச்சேரியில் தேவாரத்துக்கு எங்கே இடம்? ராகம் தானம் பல்லவி முடிந்து, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளின் வரிசையில், தாளம் இல்லாமல் ஒரு விருத்தம். ஒரு பாட்டை எடுத்து, அடிக்கு ஒரு ராகமாக ராகமாலிகையில் பாடுவார்கள். கேட்க அழகுதான், கண்ணில் தண்ணீர்கூட வரும். ஆனால் பண் போய்விடுகிறது. ‘தோடுடைய செவியன்’ நட்டபாடைப் பண், ஓதுவார்கள் கம்பீர நாட்டை ராகத்தில் பாடுவார்கள். ‘கூற்றாயினவாறு’ கொல்லிப் பண், அதற்கு ராகம் நவரோஜ். மேகராகக்குறிஞ்சி என்றால் நீலாம்பரி. கச்சேரி விருத்தத்தை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்தப் பாட்டுக்கெல்லாம் சொந்தப் பண் ஒன்று உண்டு என்பதே தெரியாது.

பீனிக்ஸ் மிருதங்கம்:
நடுவில் நுழைகிறேன். இரண்டு பேரும் எதைப் பதிவு செய்வது என்று பேசுகிறீர்கள், எப்படி வெளியிடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் மேற்கத்திய கிளாசிக்கலும் வாங்குகிறவன். அங்கே ஒரு பழைய பதிவை மறுபடி வெளியிட்டால் எந்த ஊர், எந்த அரங்கம், என்ன தேதி, ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று பெரும்பாலும் உறையிலேயே இருக்கும். நம் பக்கம் காசு கொடுத்து ஒரு கச்சேரியை இறக்கினால் பல நேரம் ஆண்டு இருக்காது, வயலின் யார் மிருதங்கம் யார் என்றுகூடப் போட மாட்டார்கள், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை வெட்டியே எடுத்திருப்பார்கள். வாசித்த மனுஷனின் பெயரைப் போட எவ்வளவு இடம் வேண்டும்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

அப்புறம் டேட்டா. இங்கே டேட்டா என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சிடி தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 635 எம்பி, மூன்று மணி நேரக் கச்சேரி 1.9 ஜிபி, இழப்பில்லாமல் சுருக்கினாலும் ஏறக்குறைய ஒரு ஜிபி. ஜோபர்க் அண்ணா வீட்டில் ஃபைபர் இருக்கலாம், பீனிக்ஸில் ப்ரீபெய்டு வாங்குகிற பையனுக்குப் பதினைந்து நிமிஷப் பதிகம்தான் கட்டுப்படி ஆகும். இந்த ஒரு விஷயத்தில் நான் அக்கா பக்கம்.

ஜோபர்க் ரசிகன்:
பெயர் போடாத விஷயத்தில் உங்களோடு முழுக்கச் சேருகிறேன், அதில் இரண்டு பக்கம் கிடையாது.

ஆனால் அக்கா, ஒன்றை யோசியுங்கள். ஒரே ஒரு பதிவு வாத்தியார் ஆகிவிட்டால் என்ன நடக்கும்? சுப்ரபாதத்தில் எம்.எஸ். எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கேதான் நாம் எல்லோரும் மூச்சு எடுக்கிறோம். வேறு யாராவது வேறு மாதிரிப் பாடினால் தப்பு என்று முகம் சுளிக்கிறோம். ஓதுவார் மரபிலும் மனோதர்மம் உண்டே, பண்ணின் ஆலாபனை செய்து, தாளம் இல்லாமல் விருத்தமாக விரித்து, ஒரு அடியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடுவார்களே, அதை ஸ்டூடியோவில் பதினைந்து நிமிஷத்துக்குள் அடைத்தால் முதலில் போவது அதுதான். மயிலாப்பூர் கபாலி கோயிலிலோ சிதம்பரத்திலோ சந்நிதியில் பாடும்போதே பதிவு செய்து தரட்டும், மனசார வாங்குகிறேன். மேடைப் பக்கமும் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சஞ்சய் சுப்ரமண்யன் டிசம்பரில் தமிழிசைச் சங்கத்துக்காக முழுக்கத் தமிழிலேயே பாடிய கச்சேரிகளை நினைத்துப் பாருங்கள். முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி மாதிரித் தமிழ்ப் பாடலாசிரியர்களின் பாட்டெல்லாம் அங்கே கச்சேரியின் நடுவுக்கே வந்தது. அந்த மாதிரிப் பதிவுகள் முழுசாக, வெட்டாமல் வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் தமிழ்ப்பாட்டு கிடைக்கும்.

டோங்காட் தேவாரம்:
சந்நிதிப் பதிவில் மணி, கூட்டம், பேச்சு எல்லாம் சேர்ந்து விழும். எனக்கு அது பிடிக்கும், எட்டு வயசுப் பிள்ளைக்கு ‘விடையேறி’ என்பதில் என்ன எழுத்து என்று கேட்காது. ஒரே பதிவாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள், நியாயம். அதற்கு வழி நாலு ஓதுவார்களிடம் ஒரே பதிகத்தை வாங்குவது, பதிவே வேண்டாம் என்பதில்லை. தருமபுரம் சுவாமிநாதன் ஐயா பாடி வைத்த திருமுறைப் பதிவுகளால்தான் என் வகுப்பே நடக்கிறது. அவருக்கு அடுத்த தலைமுறை எங்கே என்பதுதான் என் கேள்வி.

மரிட்ஸ்பர்க் மாமா:
பிள்ளைகளா, சென்னையிலிருந்து வரப்போவதையே பேசுகிறீர்கள். இங்கே என்ன அழிகிறது என்று பார்த்தீர்களா? நேட்டால் கரும்புத் தோட்டத்துப் பாட்டு, தெருக்கூத்துப் பாட்டு, பழைய காவடிப் பாட்டு, ஈசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவில் பெரியவர்கள் பாடியது, இதெல்லாம் கேசட்டில் அலமாரிகளில் கிடக்கிறது. டர்பன் கடற்கரை ஈரத்தில் காந்த நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிப்போகும். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இந்திய இசை சொல்லிக்கொடுத்தார்கள், அங்கே படித்தவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள், அவர்களை உட்கார வைத்துக் கேட்க முடியும்.

செபோகெங் பையன் ஏபெல் செலாவோக்கோவைக் கேட்டிருப்பீர்கள். 2022-இல் அவர் முதல் ஆல்பம் வந்தது, செல்லோவில் மேற்கத்திய மேதை பாக்கின் இசையை வாசிக்கிறார், அதே தட்டில் தன் வீட்டு மொழியில் பாடவும் செய்கிறார். லண்டனோ வியன்னாவோ தன் ஊர்ப் பாட்டைப் பதிவு செய்து அனுப்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் கோயிலில் பாடும் ஒரு பெண் ஏன் தன் தாத்தாவின் காவடிப் பாட்டை நல்ல மைக் முன்னால் பாடக் கூடாது? நான் எதிர்பார்க்கிற ஆல்பம் அது.

பீனிக்ஸ் மிருதங்கம்:
மாமா, கேசட் இருக்கிறவர்கள் தயவுசெய்து பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், ஒட்டிய நாடா அறுந்துவிடும். என்னிடம் ஹெட் சுத்தமாக உள்ள கேசட் டெக் ஒன்று இருக்கிறது, கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன். பாடியது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரிந்ததை எழுதிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வேன்.

ஜோபர்க் ரசிகன்:
செலாவோக்கோவிடம் எனக்குப் பிடித்ததே அந்த நேரத்து வேகம்தான் மாமா, அதைத்தான் மேடையில் பிடிக்கச் சொல்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து சீசன் பதிவுகளை வாங்கப் போகிறோம். ஆறு மணிக் கச்சேரி நமக்கு மதியம் இரண்டரைக்கு ஆரம்பிக்கும், நேரலையில் கேட்க நினைப்பவர்கள் லீவு சொல்லி வையுங்கள். அக்கா, நீங்களும் பங்கு போடலாமே?

டோங்காட் தேவாரம்:
இல்லை தம்பி. அந்தக் காசை ஓதுவார் ஒருவருக்கு ஸ்டூடியோ வாடகையாக அனுப்பப் போகிறேன், ‘பித்தா பிறைசூடி’ முழுப் பதிகமும் இந்தளப் பண்ணில். யாராவது சேர்கிறீர்களா?