நாற்பது வயதில் வகுப்பா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி எல்லாம் கேட்கிறார்கள். தங்கள் படிப்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நானே பேச்செடுத்தாலும், "அதெல்லாம் முடிந்துவிட்டது அக்கா, பட்டம் வாங்கியாகிவிட்டது" என்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் படிப்பு திருமணத்துக்கு முந்தைய காரியம். சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டினால் அதோடு சரி.

இங்கே நிலைமை வேறு. பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுக்காரர் மாலையில் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புவார். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அரசாங்கமும் இதற்குப் பணம் போட்டிருக்கிறது. 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் வளர்ப்பு இயக்கத்தைத் தொடங்கி, 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மேலும் 4,000 வெள்ளி வந்தது. நிரந்தரவாசிகளுக்கு இந்தத் தொகை கிடையாது, ஆனால் பல பயிற்சிகளில் கட்டணக் கழிவு உண்டு. வேலை பாஸில் வந்தவர்கள் பெரும்பாலும் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். நிறுவனம் ஏற்குமா என்று முதலில் மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

"அப்படியானால் நமக்கு இல்லை" என்று பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பணத்தைவிடக் கூச்சமே அதிகம் தடுக்கிறது என்பது என் எண்ணம். ஆசிரியர் நம்மைவிட இளையவராக இருப்பார். ஆங்கிலத்தில் கேள்வி கேட்க நாக்கு எழாது. தேறாவிட்டால் வீட்டில் என்ன சொல்வது? பள்ளியில் குறைந்த மதிப்பெண் வாங்கித் தலைகுனிந்த நினைவு பலருக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: இங்குள்ள டபிள்யூஎஸ்கியூ தொழில்திறன் பயிற்சிகளில் மதிப்பெண்ணும் இல்லை, ரேங்கும் இல்லை. வேலையைச் செய்துகாட்ட முடிகிறதா என்று பார்த்து, திறன் பெற்றவர் அல்லது இன்னும் பெறவில்லை என்று மட்டும் முடிவு சொல்வார்கள். பத்து வருடம் கிடங்கிலோ சமையலறையிலோ நின்றவருக்குப் பாதிப் பாடம் கையிலேயே இருக்கும். அந்த அனுபவத்தோடு வகுப்பில் உட்காருங்கள்.

முதலில் பெரிய பட்டயப் படிப்பில் இறங்க வேண்டாம். இப்போது பார்க்கும் வேலைக்கு நாளைக்கே உதவுகிற ஒரு குறுகிய பயிற்சி போதும். வகுப்பறைப் பயம் தெளிந்தபின் பலதுறைத் தொழிற்கல்லூரியின் பகுதிநேரப் பட்டயத்தையோ, கிளமெண்டி சாலையிலுள்ள சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் பட்டப் படிப்பையோ யோசிக்கலாம். தமிழ் மொழி இலக்கியத்திலும் அங்கே பட்டம் உண்டு.

கேள்வி: அக்கா, நான் கட்டுமானத்தில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். என்னைப் போன்றவனுக்குப் படிப்பால் என்ன லாபம்?

தம்பி, உங்களுக்குத்தான் லாபம் நேராகத் தெரியும். 2024 முதல், கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் அடிப்படைத் திறன் கொண்ட இந்திய ஊழியருக்கு முதலாளி அரசாங்கத்துக்கு மாதம் 900 வெள்ளி தீர்வை கட்டுகிறார். உயர்திறன் பிரிவுக்கு நீங்கள் போய்விட்டால் அது 500 வெள்ளி. மாதம் 400 வெள்ளி அவருக்கு மிச்சமாகும். ஆகவே உயர்திறன் பிரிவுக்குப் போக உதவும் கோர்டிரேடு, மல்டி ஸ்கில்லிங் திட்டங்கள் பற்றி மேற்பார்வையாளரிடம் தயங்காமல் பேசுங்கள். சம்பளத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். தேர்ச்சி பெற்றபின் பேசலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் படிப்புக்குக் கொடுக்க வேண்டாம். உடம்புக்கு ஓய்வு வேண்டும், லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நண்பர்களையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கணவரின் வேலையால் டிபெண்டன்ட் பாஸில் வந்தேன். ஊரில் பொறியாளர். ஒரு படிப்பு முடித்தால் இங்கே வேலை உறுதி என்கிறார் ஒரு முகவர்.

அப்படி உறுதி சொல்லும் எவரிடமும் பணம் கட்டாதீர்கள், தங்கை. 2021 மே முதல் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமானால், பொதுவாகத் தனக்கென வேலை பாஸ் பெற்றாக வேண்டும். அதை நிறுவனம் விண்ணப்பித்து, மனிதவள அமைச்சு தர வேண்டும். எந்தச் சான்றிதழும் அதைத் தானாகக் கொண்டுவராது. எனவே சேருமுன் நீங்கள் விரும்பும் வேலைகளின் விளம்பரங்களைப் படித்து, எந்தத் திறனைக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தனியார் கல்வி நிலையம் என்றால் அது பதிவு பெற்றதா, தனியார் கல்வி நிலையங்களின் தரத்துக்கு வழங்கும் எடுடிரஸ்ட் சான்று உண்டா என்று பாருங்கள். மாணவர் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். கையெழுத்திட்டபின் மனம் மாறினால் விலகிக்கொள்ள 7 வேலை நாள் அவகாசம் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. படிக்கப் போகிறேன் என்று வீட்டில் அனுமதி கேட்கும் தொனியில் பேச்சைத் தொடங்காதீர்கள். எந்தெந்த மாலை வகுப்பு, அன்று பிள்ளையை யார் பார்ப்பது, இரவுச் சாப்பாடு யார் பொறுப்பு என்று கணவருடன் உட்கார்ந்து, கட்டணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.