காண்ட்ராக்டரை வாயடைக்க வைத்த அக்கா

வீதிக்காரன்:
மலக்குழி மரணம் பற்றி நாங்கள் போடும் நாடகம் ஃபோரம் தியேட்டர் வகை. பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கியது. கதையை ஒருமுறை முழுசாக நடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர் வேடத்தை வாங்கி நடிக்கலாம்.

ஒரு தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் போட்டோம். முதலில் வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். “கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி ஆளை உள்ளே இறக்கினால் முதல் தடவையே 2 வருஷம் வரை ஜெயில், 2 லட்சம் வரை அபராதம்” என்று சரியாகவே சொன்னார். காண்ட்ராக்டராக நடித்த எங்கள் ஆள், “சரி தம்பி, நீ கிளம்பு. வெளியே நாலு பேர் நிக்கிறான்” என்றார். அவ்வளவுதான், மாணவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் தொழிலாளியாக நடித்த எங்கள் ஆளைத்தான் பிடித்தார். “மூடியத் தொறந்ததும் எவன்டா குதிப்பான்? பக்கத்து மூடியையும் தொறந்து வச்சிட்டு, உள்ள கரப்பான் ஓடுதான்னு பாக்கணும்.” (கரப்பான் உயிரோடு ஓடினால் உள்ளே காற்று இருக்கிறது என்று கணக்கு. அதை மட்டும் நம்பி இறங்கிவிடவும் முடியாது. நாற்றத்தை வைத்தும் சொல்ல முடியாது; குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும்.) பிறகு காண்ட்ராக்டரிடம் திரும்பி, “இவரை நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு எழுதி, பேரு, வண்டி நம்பர் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. இறங்குறோம்” என்றார்.

எங்கள் ஆளுக்குப் பேச்சு வரவில்லை. சாவுக்குப் பிறகு “அவன் யாருன்னே தெரியாது, அவனா இறங்கினான்” என்று சொல்லித்தானே தப்பிக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. கூட்டிப்போனது யார் என்பதற்கே சாட்சி இல்லாத குடும்பம் அதற்காக எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்! மாணவரின் சட்டத்தைவிட அந்த அக்காவின் துண்டுச்சீட்டு கெட்டி என்பது என் கட்சி.

எடிட்_டேபிள்:
நான் ஆவணப்படப் பக்கம். மலம் அள்ளுவோரைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-ல் வந்தபோது பல ஊர்களில் திரையிட விடவில்லை, கடைசியில் யூடியூபில் போட்டார்கள். எங்கள் படத்துக்கும் ஒரு ஊரில் மண்டபச் சாவி வரவில்லை. தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் ஓட்டினோம், கூட்டம் கூடுதலாகத்தான் வந்தது.

படத்தில் வருபவர்களுக்கு ரஃப் கட் (இறுதி செய்யாத முதல் தொகுப்பு) காட்டாமல் நாங்கள் வெளியிடுவதில்லை. கணவரைக் குழியில் பறிகொடுத்த ஒருவர், தான் அழும் காட்சியை நீக்கச் சொல்வார் என்று நினைத்தோம். “அது இருக்கட்டும். பின்னாடி தெருப்பேர் போர்டு தெரியுது பாருங்க, அதை எடுத்துடுங்க. வீட்டுக்காரர் பாத்தா காலி பண்ணச் சொல்லிடுவார்” என்றார். நல்ல ஷாட்தான், வெட்டினோம்.

மலர்_தஞ்சை:
@வீதிக்காரன் தோழர், நாடகப் பிரதி கிடைக்குமா?

வீதிக்காரன்:
பிரதி ரெண்டு பக்கம்தான், அனுப்புகிறேன். குழுவிலேயே நன்றாக நடிப்பவரைக் காண்ட்ராக்டர் ஆக்குங்கள். அவர் சட்டென்று விட்டுக்கொடுத்தால் நாடகம் படுத்துவிடும். எங்கள் ஆள் இப்போது கையெழுத்துக் கேட்டால், “பேனா வண்டில இருக்கு, நீ முதல்ல இறங்கு” என்கிறார். அதற்குப் பதில் இன்னும் எந்த ஊரிலும் வரவில்லை.