புதுப்பிப்பு: தான்சானியா சஃபாரிக்கு எடுத்துப்போன துணியும் மருந்தும்

தான்சானியாவோட செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்கு என்ன துணி, என்ன மருந்து கொண்டுபோகலாம்னு கேட்டிருந்தேன். போய்ட்டு வந்தாச்சு, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கருநீலமும் கறுப்பும் வேண்டாம்னு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செட்சி ஈயை (கடிச்சு ரத்தம் குடிக்கிற ஈ) இழுக்கிறதே அந்த நிறங்கள்தான். எங்க ஜீப்பில் நீல ஜீன்ஸ் போட்டிருந்தவரைத் துணிக்கு மேலேயே கடிச்சிடுச்சு, தொடையில் நல்ல தடிப்பு. காக்கி முழுக்கைச் சட்டையே நல்லது. ஆனா பக்கத்துல இருக்கிற இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தோட விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம். விடிகாலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம் வேணும்.

மருந்தைத் துணிப்பையில் வைங்க, பிளாஸ்டிக் கேரிபேக் அங்கே 2019-லிருந்து தடை. ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் கூடுதலாவே இருக்கட்டும். அட்டோவாக்குவோன்-புரோகுவானில்ங்கிற மலேரியா தடுப்பு மாத்திரைன்னா திரும்பின பிறகும் 7 நாள் சாப்பிடணும். வீடு வந்து சேர்ந்தாச்சேன்னு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.