பள்ளத்தில் விழுந்த கிடாரியை மேலே இழுக்க எந்தக் கயிறு நல்லது?

பொகவந்தலாவை பால்காரன்:

வணக்கம். மாடு வளர்க்கிறவர்களும் மரம் இழுத்துப் பழகியவர்களும் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே, தேயிலை மலை முடிகிற இடத்தில் ஓர் ஓடை இருக்கிறது. போன மாதம் விடாத மழை. மானாப்புல் மேய்ந்துகொண்டிருந்த கிடாரி, தண்ணீர்க் கான் ஓரத்து மண் சரிந்து அந்தப் பள்ளத்துக்குள் உருண்டுவிட்டது. 40 அடி ஆழம் இருக்கும். பத்து மாதக் கிடாரி, 150 கிலோ வரும். கால் முறியவில்லை, ஆனால் சேற்றில் எழும்பி நிற்க அதற்குத் தெம்பில்லை.

முதலில் வீட்டில் கிடந்த நீலக் கயிற்றைக் கட்டினோம். 8 மில்லிமீற்றர் பருமன். ஆறு பேர் இழுத்தோம். கயிறு அறவில்லை. ஈரத்தில் கைக்குள் வழுக்கி ஓடியது, எனக்கும் மச்சானுக்கும் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. முடிச்சும் இரண்டு தடவை தானாகவே அவிழ்ந்தது. பிறகு தும்புக் கயிற்றை இரட்டையாகப் போட்டோம். அது கையில் நன்றாகப் பிடித்து நின்றது. பாதி தூரம் வந்தபோது பாறை விளிம்பில் உரசி, புரி ஒவ்வொன்றாகப் பிரிவதை நான் கண்ணால் பார்த்தேன். நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் அறுந்தது. கிடாரி திரும்பவும் பத்து அடி சறுக்கிப் போனது. அது கதறிய சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

மூன்று மணித்தியாலம் போராடி ஒருவழியாக மேலே கொண்டுவந்தோம். உயிரோடு இருக்கிறது. ஆனால் முன்காலின் அக்குளில் கயிறு வெட்டிய காயம் இன்னும் ஆறவில்லை.

இனி ஒரு நல்ல கயிற்றை வாங்கிப் பட்டியிலேயே வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். மச்சான் கம்பி வடம் வாங்கு என்கிறார். கடைக்காரர் நைலோன்தான் பலம் என்கிறார். எந்தக் கயிறு, எந்தப் பருமன், எத்தனை அடி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் லொறிக்காரன்:

தம்பி, நான் 20 வருடமாக யூகலிப்டஸ் மரக்கட்டை ஏற்றுகிறவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்பது எது பலமான கயிறு என்று. அந்த 8 மில்லிமீற்றர் நீலக் கயிறே புதிதாக இருந்தால் 900 கிலோ வரை தாங்கும். 150 கிலோ மாட்டுக்கு அது போதாதா? அன்றைக்குத் தோற்றது கயிற்றின் பலம் இல்லை, உங்கள் பிடி.

கணக்கைப் பாருங்கள். சாய்வு 30 பாகை, ஈர மண், கல், புதர் எல்லாம் சேர்ந்த உரசல். இந்த நிலையில் மேலே இழுக்கத் தேவையான பலம் மாட்டின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். 140, 150 கிலோ. ஆறு பேர் என்றால் ஆளுக்கு 25 கிலோ. அது ஒன்றும் பெரிய பாரம் இல்லை. ஆனால் ஈரமான மெல்லிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் ஊன்றி, 25 கிலோவை விடாமல் இழுக்க யாராலும் முடியாது. கை மூடினால் உள்ளே நிறைய வேண்டும். அதற்கு 12 மில்லிமீற்றராவது வேண்டும், 14 என்றால் இன்னும் நல்லது. அதற்கு மேல் போனால் முடிச்சுப் போடக் கஷ்டம், நனைந்தால் தூக்கவும் கஷ்டம்.

பொகவந்தலாவை பால்காரன்:

அண்ணே, பருமன் புரிந்தது. அப்படியென்றால் 12 மில்லிமீற்றர் நைலோன் எடுத்துவிடவா?

ஹட்டன் லொறிக்காரன்:

வேண்டாம். நைலோன் ரப்பர் மாதிரி இழுபடும். கப்பலைத் துறையில் கட்டி நிறுத்தவும் வாகனம் இழுக்கவும் அந்தக் குணம் நல்லதுதான், குலுக்கலை வாங்கிக்கொள்ளும். மேட்டில் மாடு இழுக்கும்போது அது வேறு மாதிரி. நீங்கள் மேலே மூன்று அடி நடப்பீர்கள், மாடு கீழே அசையாது. பிறகு சேறு விட்டதும் சட்டென்று பாயும். இழுபட்ட நைலோன் அறுந்தால் திரும்பிவந்து முகத்தில் அடிக்கும். அந்த நேரம் கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. நனைந்தால் அதன் பலமும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

பொலியெஸ்டர் வாங்குங்கள். அவ்வளவு இழுபடாது, நனைந்தாலும் பலம் குறையாது, வெயிலையும் உரசலையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். முறுக்கிய மூன்று புரிக் கயிறு கையில் நன்றாகப் பிடிக்கும். 12 மில்லிமீற்றர் என்றால் 2000 கிலோவுக்கு மேல் தாங்கும். முடிச்சுப் போட்ட இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், பழசானால் இன்னும் குறையும். எப்போதும் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும். அப்படிப் பார்த்தாலும் 400 கிலோ இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கடைகளில் பளபளவென்று இருக்கும் எல்லாவற்றுக்கும் நைலோன் என்றுதான் பெயர். ஒரு சின்னத் துண்டு வாங்கி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பொலிபுரொப்பிலீன், உங்கள் நீலக் கயிற்றின் சாதி. நைலோனும் பொலியெஸ்டரும் தாழும். தாழ்ந்ததை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய நீண்டால் நைலோன்.

அக்கரப்பத்தனை அக்கா:

தம்பி, கயிறு சரி. அதை மாட்டில் எங்கே கட்டினீர்கள்? அக்குளில் காயம் என்கிறீர்களே, வெறும் கயிற்றை நேராகச் சுற்றினீர்களா? எந்தக் கயிறாக இருந்தாலும் தோலில் நேரே படக் கூடாது. பழைய வாகன சீட் பெல்ட், இல்லையென்றால் நான்காக மடித்த உரச் சாக்கு. நான்கு விரல் அகலமாவது வேண்டும். முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அந்தப் பட்டையைப் போட்டு, கயிற்றைப் பட்டையில் கட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகுகிற சுருக்கு வேண்டவே வேண்டாம், மூச்சு அடைத்துவிடும். கழுத்தில் கட்டி இழுப்பதும் வாலைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது.

அதைவிட நல்ல வழி, மாட்டையே இழுக்காமல் மாட்டுக்கு அடியில் போட்டதை இழுப்பது. எங்கள் பட்டியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கிறது, நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம். மாட்டை அதன் மேல் உருட்டி, நெஞ்சு கீழே இருக்கும்படி படுக்க வைத்து, விரிப்பைத்தான் இழுப்போம். கல்லும் கட்டையும் விரிப்பில் உரசும், வயிற்றில் படாது. ரப்பர் கிடைக்காவிட்டால் கொழுந்துப் படங்கு என்கிற தடித்த துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். ஒரு தடவைக்குத் தாங்கும்.

பக்கவாட்டில் படுத்தே கிடந்தால் வயிறு ஊதிவிடும். பள்ளத்துக்குள் இறங்கியதும் முதல் வேலை நிமிர்த்திப் படுக்க வைப்பது, கயிறு அப்புறம். மிருக வைத்தியருக்கும் அப்போதே சொல்லி அனுப்புங்கள். கால் முறிந்திருந்தால் இழுப்பதே அதற்குச் சித்திரவதை.

தலவாக்கலையில் பிறந்தவன்:

நான் இப்போது ஸ்கொட்லாந்தில் இருக்கிறேன். இங்கே மலையில் சிவப்பு மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. நம் இலங்கையில் மரையையும் புள்ளிமானையும் 1937ஆம் ஆண்டு வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது, அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் இவர்கள் கரடுமுரடான மலையில் பாரம் இழுக்கிற விதத்தில் உங்களுக்கு உதவுகிற விஷயம் இருக்கிறது.

சுட்ட மானை அங்கேயே குடல் எடுத்துப் பாரத்தைக் குறைப்பார்கள். எப்போதும் தலை முன்னால் வர இழுப்பார்கள். மயிர் வாலை நோக்கிப் படிந்திருப்பதால் அப்படி இழுத்தால் வழுக்கும், திருப்பி இழுத்தால் ஒவ்வொரு புல்லிலும் மாட்டும். கயிற்றைக் கழுத்தில் கட்டி மூக்கில் ஒரு சுற்றுப் போடுவார்கள். அப்போது மூக்கு மேலே தூக்கிவரும், மண்ணைக் குத்தாது. கயிறு குட்டையாக இருந்தால் தலை இன்னும் நன்றாக எழும்பும். யாரும் வெறும் கையால் இழுக்க மாட்டார்கள். அகலப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உடம்பால் இழுப்பார்கள், கை சும்மா இருக்கும்.

கழுத்துக் கயிறு செத்த மானுக்குத்தான், தம்பி. உயிருள்ள கிடாரிக்கு அக்கா சொன்ன நெஞ்சுப் பட்டைதான். ஆனால் தலை முன்னால் வருவதும், பாரத்தின் முன்பக்கம் தூக்கிவருவதும், தோளால் இழுப்பதும் இரண்டுக்கும் பொருந்தும். பிரதான கயிற்றில் மூன்று அடிக்கு ஒன்றாக இறுகாத கண்ணி போட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பட்டையை மாட்டினால் ஆறு பேரும் வரிசையாக ஏறலாம்.

மஸ்கெலியா மாமா:

உங்கள் கயிறு ஏன் அறுந்தது என்று யாரும் சொல்லவில்லையே. பாறை விளிம்புதான் காரணம். பொலியெஸ்டரும் அங்கே அறும், கொஞ்சம் தாமதமாக. விளிம்பில் ஓர் உரச் சாக்கை மடித்துப் போட்டு ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து கயிற்றுக்கு மாட்டினாலும் சரி.

அப்புறம், மேலே ஒரு சபுக்கு மரம் இருக்கும்தானே? கயிற்றின் மறுமுனையை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவர் பிடிக்கட்டும். நீங்கள் இழுக்க இழுக்க அவர் தளர்வை வாங்கிக்கொள்வார். எல்லாரும் மூச்சு வாங்க நின்றாலும், ஒருவர் வழுக்கி விழுந்தாலும், மாடு ஓர் அங்குலம் கீழே போகாது. மரத்தைச் சுற்றிய கயிற்றைச் சின்னப் பையன்கூடப் பிடித்து நிற்பான். ஆனால் யாரும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. அப்படிச் சுற்றி விரலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

நீளத்துக்கு, பள்ளம் 40 அடி என்றால் 100 அடி வாங்குங்கள். மரத்துக்கும் முடிச்சுக்கும் ஆட்கள் நிற்பதற்கும் மிச்சம் வேண்டும்.

கம்பி வடம் வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள். கையையும் வெட்டும், மாட்டையும் வெட்டும். மலையில் விட்டுவிட்டு வரும் கம்பி யார் கையிலாவது கிடைத்துச் சுருக்காகிவிடும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் சிக்கி ஒரு கருஞ்சிறுத்தை செத்தது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் மறக்கவில்லை.

பொகவந்தலாவை பால்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஹட்டனுக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைத் துண்டு வாளியில் மிதந்தது. இரண்டாவது தாழ்ந்தது, ஆனால் நானும் மச்சானும் இழுத்தபோது நன்றாக நீண்டது. மூன்றாவது கடையில் பொலியெஸ்டர் கிடைத்தது, 12 மில்லிமீற்றர், வெள்ளை, 100 அடி. விலை நினைத்ததைவிட அதிகம்தான். இரண்டு பழைய சீட் பெல்ட்டும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளத்தில் இறங்கி, ஒரு ஆள் பாரமுள்ள சபுக்குக் கட்டையைப் படங்கில் வைத்துக் கட்டி இழுத்துப் பார்த்தோம். பாறையில் சாக்கு, மரத்தில் இரண்டு சுற்று, தோளில் பட்டை. மூன்று பேர்தான் இழுத்தோம், பத்து நிமிடத்தில் மேலே வந்தது. இடையில் ஒரு தடவை வேண்டுமென்றே எல்லாரும் விட்டோம். மரத்தடியில் நின்ற என் மகன் பிடித்த பிடியில் கட்டை அப்படியே நின்றது.

கயிறு இப்போது பட்டிக் கூரைக்குக் கீழே, வெயிலும் மூத்திரமும் படாத இடத்தில் தொங்குகிறது. அக்கா, கிடாரியின் காயத்துக்கு மிருக வைத்தியர் மருந்து கொடுத்திருக்கிறார், ஓரம் காய ஆரம்பித்துவிட்டது. நீங்கள் சொன்ன ரப்பர் விரிப்பு எத்தனைக்கு எத்தனை அடி?

அக்கரப்பத்தனை அக்கா:

நீளம் 6 அடி, அகலம் 4 அடி. கிடாரி வளர்ந்துவிடும், 7 அடியாக வாங்குங்கள்.