தலைக்கு மேலே கேமரா: பெங்களூரில் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

அல்சூர்வாசி:
கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தையை மேல்மாடியிலிருந்து எல்லோரும் எடுக்கிறார்கள். சாமந்திக் குவியல், செண்டுமல்லிக் குவியல், நடுவே நகரும் கூடைகள். அழகுதான். ஆனால் பார்த்த சில நொடிகளிலேயே கண் நிறைந்துவிடுகிறது. அடுத்து என்ன என்று மனம் கேட்கிறது. மேலிருந்து எடுப்பதன் உண்மையான பலம் கைவேலையைக் காட்டுவதில்தான் இருக்கிறது என்பேன்.

அங்கே பூக்கட்டும் ஓர் அக்காவிடம் அனுமதி கேட்டேன். ஒசூர்ப் பக்கத்துக்காரர். "முகம் வேண்டாம் தம்பி, வேலையை எடுத்துக்கொள்" என்றார். நீளக் கம்பின் முனையில் போனை மாட்டி, அவர் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய் நேர்கீழே பார்க்கவைத்தேன். எதிரில் நின்று எடுத்திருந்தால் முழங்காலும் பூக்குவியலும் பாதியை மறைத்திருக்கும். மேலிருந்து எல்லாம் தெரிந்தது: இடக்கை விரல்களில் இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர, வலக்கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து, சுண்டி இழுக்கிறது. அத்தனை வேகத்திலும் ஒரு காம்புகூட நசுங்கவில்லை! அந்தப் பகுதியை வெட்டாமல் முழுதாக வைத்திருக்கிறேன்.

முகத்தை மறைக்க மேலே போவது பழைய உத்தி. 1960இல் வந்த 'சைக்கோ' படத்தில் மாடிப்படியில் நடக்கும் கொலையை இயக்குநர் ஹிட்ச்காக் உச்சியிலிருந்து காட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே கொலையாளி யார் என்ற ரகசியத்தைக் காப்பாற்ற. இங்கே அக்காவின் விருப்பத்தைக் காப்பாற்ற.

மல்லேஸ்வரத்து அக்கா:
அருமை தம்பி. நான் மார்கழியில் எங்கள் வாசல் சிக்குக் கோலத்தை மாடி பால்கனியிலிருந்து எடுப்பேன். கோலம் போடுபவர் பக்கம் படத்தின் அடிப்பகுதியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பார்ப்பவருக்குத் தானே குனிந்து இழை இழுப்பதுபோல் இருக்கும். எதிர்ப்பக்கமிருந்து எடுத்த கோலத்தைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. இன்னொன்று, போன் நேர்கீழே பார்க்கும்போது எது நெட்டு, எது கிடை என்று அதற்கே குழப்பம் வரும். திரை திரும்புவதைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தை விட்டுவிடாதீர்கள். நடப்பவர்கள் புள்ளியாகச் சிறுத்து, அவர்களுடைய நிழல்கள் தெருவை அடைத்துக்கொண்டு போகும். உச்சிவெயிலில் அது கிடைக்காது.

இந்திராநகர்:
நான் ட்ரோன் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஏரியை மேலிருந்து எடுக்க ஆசை.

அல்சூர்வாசி:
முதலில், ட்ரோனை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள் ஐயா. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. நம் ஊரில் எச்.ஏ.எல். விமான நிலையம் ஒருபுறம், எலஹங்கா, ஜாலஹள்ளி விமானப்படைத் தளங்கள் மறுபுறம், அதனால்தான் முதலில் மண்டலத்தைப் பார்க்கச் சொல்கிறேன். எடை 250 கிராம் வரை இருந்தால் நானோ வகை. விதிகள் சற்று இலகு. ஆனாலும் மண்டலம் மண்டலம்தான்.

மல்லேஸ்வரத்து அக்கா:
சமையல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் கம்பின் நிழல் தோசையில் விழும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிரே ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை, போதும். ஆவி பறக்கும் சாம்பார் என்றால் லென்ஸைத் துடைக்க மெல்லிய துணி பக்கத்திலேயே இருக்கட்டும்.