லண்டனில் ஒரே நாள்: ஊர் சுற்றலும் நாடகமும்

கேள்வி:
ஜூன் மாதத்தில் அம்மாவுடன் லண்டனில் ஒரே ஒரு நாள் தங்குகிறேன். பிற்பகலில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் நாடகம் பார்க்க விரும்புகிறோம். முற்பகலில் எதைப் பார்ப்பது, முற்றத்தில் நின்று பார்க்கும் மலிவான சீட்டு போதுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அம்மா உடன் வருவதால் முற்றச் சீட்டை வாங்காதீர்கள். நாடகம் நடக்கும்போது அங்கே தரையில் உட்காரவும் குடை விரிக்கவும் அனுமதியில்லை. மேலே கூரையும் இல்லாததால் மழை வந்தால் நனைந்தபடியேதான் நிற்க வேண்டும். முற்றத்தைச் சுற்றியுள்ள மாடத்து இருக்கைகள் வெறும் மரப்பலகைகள் என்பதால் மெத்தை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. 1599-இல் கட்டப்பட்டு, 1613-இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்துபோன அரங்கின் மறுவடிவமே 1997-இல் திறக்கப்பட்ட இக்கட்டடம். மாடங்களின் மேல் இன்றும் நாணற்கூரைதான், ஆனால் தீயணைப்புக்கு நீர்த்தெளிப்பான்கள் உண்டு.

மறுமொழி 2:
முற்பகலுக்குப் புனித பவுல் (செயின்ட் பால்ஸ்) பேராலயம் பொருத்தமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். அதன் குவிமாடத்தின் உச்சிக்கு 528 படிகள், மின்தூக்கி கிடையாது. ஆகவே அம்மா கீழேயே சுற்றிப் பார்க்கட்டும். அங்கிருந்து மில்லினியம் நடைபாலத்தில் தேம்ஸ் ஆற்றைக் கடந்தால் எதிரே டேட் மாடர்ன் என்ற நவீன ஓவியக் கலைக்கூடம், அதன் அருகிலேயே குளோப். மூன்றுக்கும் வண்டியே தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாடத்திலேயே இருக்கை பதிவு செய்துவிட்டேன்.